அம்பாசடர் 1489 சிசி: பாயிண்ட் இடைவெளி 900 கிலோமீட்டரிலேயே சுருங்கிவிட்டது, காரணம் என்ன?

திருச்சி மார்க் 4 எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1982-ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அப்பா வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வராமல், மாதத்தில் மூன்று நான்கு நாட்கள் மட்டும் வெளியில் எடுத்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் இங்குள்ள ஒரு பட்டறையில், பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் (மின்சுற்றைத் திறந்து மூடுவது), கண்டன்சர், ரோட்டார் மூன்றையும் புதிதாக மாற்றினார்கள். முதல் இரண்டு வாரங்கள் வண்டி மிக நன்றாக ஓடியது. அதன் பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. சென்ற வாரம் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் இழுவை முற்றிலும் குறைந்து, வெப்பமானியின் முள்ளும் வழக்கத்தைவிட மேலே போய்விட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, ஃபேன் பெல்ட்டும் சரியாகவே இருந்தது.

வீடு திரும்பியதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ் தகடுகளை வைத்துப் பார்த்தேன். மாற்றிய அன்று 0.40 மி.மீ. வைத்ததாக மெக்கானிக் என் கண்முன்னே அளந்து காட்டினார். இப்போது 0.20 மி.மீ. தகடுகூட நுழையவில்லை, 0.15 மட்டுமே இறுக்கமாகப் போகிறது. வண்டி ஓடியது மொத்தமாக 900 கிலோமீட்டர்தான். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் சிறிய மேடும், எதிர் முகத்தில் அதற்கு ஈடான குழியும் தெரிகின்றன.

என் ஐயங்கள் மூன்று. திருகுகள் இறுக்கமாக இருக்கும்போது இடைவெளி எப்படித் தானாகச் சுருங்கும்? இந்தப் பாயிண்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயன்படுத்தலாமா, அல்லது புதிதுதான் வாங்க வேண்டுமா? இடைவெளியைச் சரிசெய்தால் டைமிங்கையும், அதாவது தீப்பொறி பிறக்கும் நேரத்தையும், மீண்டும் வைக்க வேண்டுமா? பட்டறையில் கேட்டதற்கு, "டிஸ்ட்ரிபியூட்டரை நாங்கள் அசைக்கவே இல்லை, ஆகவே டைமிங் மாறியிருக்காது" என்கிறார்கள். அது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

பழைய பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலையில் இழுவை குறைந்ததற்கும் எஞ்சின் சூடானதற்கும் விடை அதில்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை யாரும் தொடாவிட்டாலும் டைமிங் மாறும். தீப்பொறி பிறப்பது பாயிண்ட் திறக்கும் அந்தக் கணத்தில். இடைவெளி சுருங்கினால், சுழன்று பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் கேமின் முனை இன்னும் சற்றுத் தள்ளி வந்த பிறகே பாயிண்ட் திறக்கும். அதாவது தீப்பொறி தாமதமாகும். தாமதமாகப் பற்றிய வாயு பிஸ்டனைத் தள்ள வேண்டிய நேரத்தைத் தவறவிட்டு, எரிந்துகொண்டே சைலன்சருக்குப் போகும். இழுவை குறைவதும் எஞ்சின் சூடாவதும் அதனால்தான். ரேடியேட்டரைச் சந்தேகித்துக் கழற்றாமல் விட்டீர்களே, அதுவே நல்லது.

இனி முதல் கேள்வி. திருகு தளரவில்லை, பாயிண்ட் நகரவும் இல்லை. கேமின் மீது உரசுகிற ஃபைபர் கட்டை தேய்ந்திருக்கிறது. புதிய கட்டை முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தேய்ந்து கேமின் வடிவத்துக்குப் பொருந்துவது இயல்பு. ஆகவேதான் புதுப் பாயிண்ட் போட்டால் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்வோம். ஆனால் 0.40 மி.மீ. என்பது 0.15 ஆகும் அளவுக்குத் தேய்வது இயல்பில்லை. கேமில் கிரீஸ் இல்லாமல் உலர்ந்த உலோகத்தின் மீது கட்டை ஓடியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். மூடியைத் திறந்து, ரோட்டாரை எடுத்துவிட்டு, கேமை விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் பழுப்பு நிறத் தூள் ஒட்டினால் அது உங்கள் ஃபைபர் கட்டைதான். பட்டறைகளில் பாயிண்ட்டை மாட்டுவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட கேமுக்குக் கிரீஸ் தடவுவதில் காட்டுவதில்லை. பொட்டலத்தோடு கிரீஸ் வராததும் ஒரு காரணம்.

இடைவெளி என்ற சொல்லே கொஞ்சம் திசைதிருப்பக்கூடியது. நாம் உண்மையில் அமைப்பது, பாயிண்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்க வேண்டும் என்பதை. பாயிண்ட் மூடியிருக்கும்போதுதான் காயிலில் மின்சாரம் ஏறி காந்தப்புலம் உருவாகிறது. திறந்ததும் அந்தப் புலம் சரிந்து, காயிலின் இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. இந்த லூக்காஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் நான்கு சிலிண்டருக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 90 டிகிரி. அதில் 60 டிகிரி மூடியும் 30 டிகிரி திறந்தும் இருக்க வேண்டும். மூடியிருக்கும் அந்தக் கோணத்தைத்தான் டுவெல் என்கிறோம். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ஒரு தீப்பொறிக்கும் அடுத்த தீப்பொறிக்கும் நடுவே இருப்பது 10 மில்லி செகண்ட். அதில் காயிலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 6.7 மில்லி செகண்ட் மட்டுமே. இடைவெளியை அளவுக்கு மேல் அகலமாக வைத்தால் இந்த நேரம் குறைந்து, வேகத்தில் மிஸ் அடிக்கும், டைமிங்கும் முன்னேறி ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். குறுகலாக வைத்தால் டைமிங் பின்தங்குவதோடு, பாயிண்ட் சரியாகப் பிரியாமல் வில்லொளி விட்டு எரியும். டுவெல் ஒரு டிகிரி கூடினால் டைமிங் கிராங்க் கணக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி பின்தங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஏன் எப்போதும் முதலில் இடைவெளி, பிறகே டைமிங் என்பது புரிந்துவிடும். டைமிங்கை மாற்றினால் இடைவெளி மாறாது. இடைவெளியை மாற்றினால் டைமிங் கட்டாயம் மாறும்.

அளவு 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. புதுக் கட்டை தேயும் என்பதால் புதுப் பாயிண்ட்டுக்கு நான் 0.40 பக்கமே வைப்பேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்றி, ஃபைபர் கட்டை கேமின் முனை உச்சியில் சரியாக ஏறி நிற்கும்படி நிறுத்துங்கள். கைப்பிடி தொலைந்துபோயிருந்தால், சமதரையில் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளியே உச்சிக்குக் கொண்டுவரலாம். பாயிண்ட்டைப் பிடித்திருக்கும் திருகைச் சற்று மட்டும் தளர்த்தி, தட்டிலுள்ள வெட்டில் திருப்புளியின் நுனியை வைத்துத் திருப்பினால் பாயிண்ட் மயிரிழையாக நகரும். தகடு போகும்போது லேசான பிடிப்பு தெரிய வேண்டும், பாயிண்ட்டின் அசையும் கையைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. திருகை இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள். இறுக்கும்போது இடைவெளி நகர்வது பத்தில் எட்டு முறை நடக்கிறது, இந்த ஒரு கட்டத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தகட்டில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துணியால் துடைத்திருக்க வேண்டும். அந்தப் பசை பாயிண்ட்டில் ஒட்டினால் நாலே நாளில் எரிந்து கறுக்கும். அதே காரணத்தால்தான் புதுப் பாயிண்ட்டின் முகத்தில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருக்கும் மெழுகுப் பூச்சையும் பெட்ரோல் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுகிறோம்.

பிறகு கேமின் நான்கு பக்கமும் தெரிந்தும் தெரியாததுமாக அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ். ரோட்டாருக்கு அடியில் தெரியும் திருகின் மீது இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விடுங்கள், திருகைக் கழற்ற வேண்டாம், அதைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே ஆயில் தானாகக் கீழே இறங்கும். பாயிண்ட் சுழலும் ஊசிக்கு ஒரு சிறு துளி. இதற்கு மேல் வேண்டாம்.

டைமிங் வைப்பதற்கு ஒரு 12 வோல்ட் பல்பும் இரண்டு துண்டு ஒயரும் போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் ஒயரின் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே பல்பை இணைத்து, இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்த கணத்தில் எரியும். அந்தக் கணம் தீப்பொறியின் கணம். காயிலின் பெரிய ஒயரை மூடியிலிருந்து உருவி எஞ்சின் உடலில் படும்படி வைத்துவிடுங்கள்.

ஒன்றாம் சிலிண்டர், அதாவது ரேடியேட்டர் பக்கத்திலுள்ளது, கம்ப்ரஷனில் வரும்போது பிளக் ஓட்டையில் வைத்த விரலைக் காற்று தள்ளும். அப்போது கிராங்க் புல்லியிலுள்ள வெட்டு, டைமிங் மூடியிலுள்ள முள்ளுக்கு நேராக, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன டிகிரியில் நிற்க வேண்டும். என் வண்டியில் முட்கள் கீழ்ப்புறம் இருக்கின்றன, படுத்துப் பார்த்தால்தான் தெரியும். வெட்டைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்குத் திருப்பி நிறுத்தாதீர்கள்; நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடியும் முன்னோக்கி வாருங்கள், இல்லாவிட்டால் செயினின் தளர்ச்சி கணக்கில் சேர்ந்துவிடும். இனி டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்துப் போல்ட்டைத் தளர்த்துங்கள். இந்த எஞ்சினில் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. உடலை முதலில் இடஞ்சுழியாகத் திருப்பிப் பல்பை அணையவிட்டு, பிறகு வலஞ்சுழியாக மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தால், பல்பு எரியும் இடம்தான் உங்கள் இடம். போல்ட்டை இறுக்கி, எஞ்சினை இரண்டு முழுச் சுற்று கைப்பிடியால் சுற்றி, வெட்டு முள்ளுக்கு வரும்போது பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.

காதால் கேட்டு டைமிங் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், முப்பது வருடம் நானும் அப்படி வைத்தவன்தான். ஆனால் காது, பாயிண்ட் இடைவெளி சரியாக இருக்கும் எஞ்சினில்தான் சரியாகக் கேட்கும்.

கோவை ஆட்டோ எலக்ட்ரீஷியன் எழுதியது:

ஐயா சொன்ன எதற்கும் மறுப்பில்லை. பாயிண்ட்டின் முகத்திலுள்ள மேட்டையும் குழியையும் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

உப்புத்தாள் போடவே வேண்டாம். அதன் மணல் துகள்கள் டங்ஸ்டன் முகத்தில் பதிந்து நிற்கும், மின்சாரம் கடத்தாது, பாயிண்ட் எரியும் வேகம் இன்னும் கூடும். மெல்லிய, தட்டையான அரத்தால் மேட்டை மட்டும் எடுக்கலாம். குழியைக் கண்ணாடிபோல் ஆக்க முயல வேண்டாம், குழி போகும்வரை தேய்த்தால் பாயிண்ட்டில் எதுவும் மிஞ்சாது. முகங்கள் இரண்டும் இணையாக ஒன்றன்மீது ஒன்று உட்காருகின்றனவா என்பதுதான் முக்கியம். 900 கிலோமீட்டர் ஓடிய பாயிண்ட்டில் இவ்வளவு மேடு என்றால், நான் அதை வண்டியின் பெட்டியில் உதிரியாகப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவேன். விலை பெரிதில்லை.

இதில் அளவெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேடுள்ள பாயிண்ட்டில் ஃபில்லர் கேஜ் தகடு மேட்டின் நுனியைத் தொட்டு நின்றுவிடும். மூடும்போதோ அந்த மேடு குழிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே தகடு காட்டும் 0.38 உண்மையில் அதைவிட அகலமாக இருக்கும், டுவெல் குறையும். உங்களுடைய 0.15-ம்கூட உண்மையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பழைய பாயிண்ட்டுக்கு டுவெல் மீட்டர்தான் ஒழுங்கு. 60 டிகிரி, அங்கே இங்கே மூன்று டிகிரி வரை பரவாயில்லை. புதுப் பாயிண்ட்டுக்குத் தகடு போதும்.

உலோகம் இப்படி ஒருபக்கமாக இடம் மாறுவதற்குக் கண்டன்சர் ஒரு காரணமாக இருக்கக்கூடும். பாயிண்ட் திறக்கும்போது காயிலின் முதல் சுற்றிலேயே இருநூறு முந்நூறு வோல்ட் எழும். அது பாயிண்ட்டைத் தாண்டிக் குதிக்காமல் ஏந்திக்கொள்வது கண்டன்சரின் வேலை. லூக்காஸ் வகைக்கு அதன் அளவு 0.18 முதல் 0.24 மைக்ரோஃபாரட். இப்போது கடையில் கிடைக்கும் மலிவான கண்டன்சர்களை வாங்கியதும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியில் மாட்டுகிறேன், பத்தில் ஒன்றிரண்டு திரும்பிப் போகும். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டியில் நான் முதலில் கை வைப்பது கண்டன்சரில், அடுத்து ரோட்டாரில். இருட்டில் மூடியைத் திறந்துவைத்து ஒருவரை எஞ்சினைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட்டில் மெல்லிய பொறி தெரிந்தால் சரி, நீலமாகப் பளீரென்று தெறித்தால் கண்டன்சர் போய்விட்டது.

இன்னொன்று, எஞ்சின் ஓடாதபோது இக்னிஷனை ஆன் செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால், மூன்று ஓம் காயில் வழியே ஏறத்தாழ நான்கு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். பல்பு வைத்து டைமிங் பார்க்கும்போதும் இடையிடையே அணைத்துவிடுங்கள்.

திருச்சி மார்க் 4 எழுதியது:

ஐயாவுக்கும் கோவை நண்பருக்கும் மிக்க நன்றி. கேமில் விரல் வைத்தபோது பழுப்புத் தூள் அப்படியே ஒட்டியது, கிரீஸின் அடையாளமே இல்லை. புதுப் பாயிண்ட்டும், மீட்டரில் 0.21 மைக்ரோஃபாரட் காட்டிய கண்டன்சரும் வாங்கி, நேற்று ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டினேன். இடைவெளி 0.40 வைத்து, இறுக்கியபின் இரண்டு முறை அளந்தேன். கேமுக்குக் கிரீஸ், திருகுக்கு இரண்டு சொட்டு ஆயில் எல்லாம் ஆயிற்று.

ஆனால் டைமிங் வைக்கப் போனால், டிஸ்ட்ரிபியூட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் பல்பு எரியவே இல்லை. பல்பை நேராகப் பேட்டரியில் வைத்தால் எரிகிறது. காயிலின் மறுமுனையில், அதாவது சாவியிலிருந்து வரும் ஒயரில் வைத்தாலும் எரிகிறது. பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தேன், ஒரு முறைகூடப் பற்றவில்லை. புது கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்குமோ என்று பழையதை மாட்டியும் அதே கதைதான். மாற்றுவதற்கு முன் ஸ்டார்ட் ஆன வண்டியை நானே நிறுத்திவைத்துவிட்டேன் என்ற குற்ற உணர்வில் இரவு சரியாகத் தூங்கவில்லை.

பத்மினி நேசன் எழுதியது:

தூங்குங்கள் நண்பரே, இந்த இரவைக் கடக்காமல் யாரும் பாயிண்ட் வேலை கற்றதில்லை. என் பிரீமியர் பத்மினி காரிலும் முதல் முறை இதே நடந்தது.

பல்பு எப்போதுமே எரியாமல் இருப்பது ஒரு நல்ல துப்பு. காயில் வழியே வருகிற மின்சாரம் பாயிண்ட் திறந்திருக்கும்போதும் எங்கோ உடலில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். மாறாக, பல்பு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடுவதே இல்லை, அல்லது மூடியும் முகத்தில் அழுக்கோ பூச்சோ இருக்கிறது என்று பொருள். கண்டன்சரை நீங்கள் ஏற்கெனவே மாற்றிப் பார்த்துவிட்டதால், மிச்சம் இருப்பது பாயிண்ட்டின் ஸ்பிரிங் மாட்டும் அந்தச் சிறிய தூண்தான்.

அதை நிதானமாகக் கழற்றிப் பாருங்கள். இரண்டு துண்டாக வரும் பாயிண்ட் என்றால் தூணின் அடியில் ஒரு ஃபைபர் வாஷர் இருக்க வேண்டும். அதன்மேல் ஸ்பிரிங்கின் கண். அதன்மேல் கண்டன்சரின் ஒயரும் காயிலிலிருந்து வரும் ஒயரும். இந்த மூன்றின் ஓட்டைக்குள்ளும் தொப்பி வடிவப் பிளாஸ்டிக் புஷ் ஒன்று மேலிருந்து இறங்கி, தூணையும் நட்டையும் இவை தொடாதபடி காக்க வேண்டும். ஒயர்கள் இரண்டும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், தூணைத் தொடக்கூடாது. இது ஒன்றுதான் விதி. பெரும்பாலும் ஒயர்களின் கண்களைத் தொப்பிக்கு மேலே, நட்டுக்கு அடியில் மாட்டிவிடுவார்கள். பார்ப்பதற்கு வரிசையாக, அழகாகத்தான் இருக்கும், ஆனால் மின்சாரம் நட்டு வழியே தூணுக்கும், தூண் வழியே உடலுக்கும் போய்விடும். பாயிண்ட் அரை அங்குலம் திறந்தாலும் தீப்பொறி வராது.

அப்படியும் வராவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு ஓட்டை வழியே உள்ளே வரும் ஒயரின் உறை எங்காவது உரிந்து உடலைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக மாட்டும் எலெக்ட்ரானிக் கிட் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு வருடம் போட்டு ஓட்டினேன், குறையில்லை, பிறகு ஒருநாள் விக்கிரவாண்டிக்கு அருகில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றது. அதைச் சாலையோரத்தில் திறந்து பார்த்துச் செய்ய ஒன்றுமில்லை. பாயிண்ட் போகும்போது வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே போகும். இப்போது மறுபடியும் பாயிண்ட்தான், கிட் பெட்டியில் உதிரியாக இருக்கிறது. நாள்தோறும் ஓட்டுகிறவருக்கு என் முடிவு பொருந்தாமல் போகலாம்.

திருச்சி மார்க் 4 எழுதியது:

நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. ஒயர்கள் இரண்டின் கண்களும் தொப்பி புஷ்ஷுக்கு மேலே, நட்டுக்கு நேர் அடியில் உட்கார்ந்திருந்தன. கீழே இறக்கி மாட்டியதும் பல்பு வேலை செய்தது, டைமிங் வைத்து முடித்து, முதல் சுற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொண்டது. அப்பாவிடம் சொன்னபோது, "நான் அதை 1986-இல் கற்றுக்கொண்டேன்" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் டுவெல் மீட்டரும் டைமிங் லைட்டும் இருந்தன, இரவல் வாங்கி வந்தேன். ஐடிலிங்கில் டுவெல் 58 காட்டுகிறது. ஆனால் எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் முள் நிலையாக நிற்காமல் 53-க்கும் 59-க்கும் நடுவே ஆடுகிறது. டைமிங் லைட்டில் பார்த்தாலும் புல்லியின் வெட்டு ஓரிடத்தில் நிற்காமல் நடுங்குகிறது. இது இயல்பா?

பழைய பட்டறைக்காரர் எழுதியது:

இயல்பில்லை, தம்பி. இரண்டு மூன்று டிகிரி ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆறு டிகிரி என்பது டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்பிண்டிலை, அதாவது நடுத் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருப்பதன் அறிகுறி. ரோட்டாரை எடுத்துவிட்டு ஸ்பிண்டிலின் தலையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் 'கிளுக்' என்று தெரிந்தால் புஷ் போய்விட்டது. ஆடும் ஸ்பிண்டிலின் மீது எவ்வளவு கவனமாக 0.40 வைத்தாலும், அது நீங்கள் அளந்த அந்த ஒரு முனைக்கு, அந்த ஒரு கணத்துக்கு மட்டும்தான் 0.40. நான்கு முனைகளையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொண்டால் உங்களுக்கே விளங்கும். உங்கள் ஃபைபர் கட்டை வேகமாகத் தேய்ந்ததில் உலர்ந்த கேமோடு இந்த ஆட்டத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். முதலில் இதை நான் கேட்டிருக்க வேண்டும்.

புஷ் வேலையைச் செய்ய லேத் வைத்திருக்கும் நல்ல பட்டறை வேண்டும். கொடுக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: புது வெண்கலப் புஷ்ஷை அப்படியே அடிக்கக்கூடாது, 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் மூழ்கவைத்த பிறகே அடிக்க வேண்டும். அவசரமென்றால் 100 டிகிரி சூட்டில் ஆயிலில் இரண்டு மணி நேரம் போட்டு, ஆயிலுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். அந்தப் புஷ் கடற்பஞ்சுபோல் ஆயிலைக் குடித்துவைத்துக்கொள்ளும் வகை. உலர வைத்து அடித்தால் ஒரே வருடத்தில் மறுபடியும் இதே இடத்துக்கு வருவீர்கள்.

கழற்றும்போது பாயிண்ட் தட்டுக்கும் உடலுக்கும் நடுவேயுள்ள சிறிய எர்த் ஒயரையும் பாருங்கள். எஞ்சினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை முன்னேற்றும் வேக்குவம் அட்வான்ஸ், தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர் வளைகிறது. பின்னல் உறைக்குள்ளேயே இழைகள் அறுந்து, வெளியில் முழுதாகத் தெரியும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் மிஸ் அடிக்கும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள், தட்டு நகர்ந்து, நாக்கால் அடைத்து வைத்திருக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங் லைட்டில் பார்க்கும்போது இந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டே பார்க்க வேண்டும்.

திருச்சி மார்க் 4 எழுதியது:

நான்கு முனைகளையும் அளந்தேன்: 0.40, 0.33, 0.38, 0.30. ஸ்பிண்டில் கையிலேயே ஆடுகிறது. எர்த் ஒயரை மடக்கிப் பார்த்தபோது உறைக்குள் இரண்டே இழைகள் மிஞ்சியிருந்தன, அதை இன்றே மாற்றிவிட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரை அடுத்த வாரம் லேத் பட்டறையில் கொடுக்கிறேன். புதுப் புஷ் இப்போது சமையலறை அலமாரியில், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள், எஞ்சின் ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. வீட்டில் யாரும் அதைத் தேன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.